மதினிக்குத் தனிச் சட்டி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மதினி சொல்லிவிடுவார்.

“எனக்குன்னு ஒண்ணும் செஞ்சிராதத்தா.”

வாங்க என்று நான் வாய் திறப்பதற்குள் இது வந்து விழுந்துவிடும். கேட்பவர்களுக்கு, எவ்வளவு நல்ல மனுசி, யாருக்கும் தொந்தரவு தராத ஆள் என்று தோன்றும். அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும் அந்த ஒரு வார்த்தை என்ன பாடு படுத்தும் என்று. இது வேணும் அது வேணும் என்று அதிகாரம் பண்ணுகிற ஆட்களுக்கு நான் எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். கேட்டதைச் செய்து வைத்தால் சோலி முடிந்தது. ஒன்றும் வேண்டாம் என்கிறவருக்கு எதைச் செய்து வைப்பது?

மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலி ஆட்களுக்குக் கட்டின லைன் வீட்டில் தனியாக இருந்தார். புருசன் தவறிப் பல வருசம். பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் கூடப் பிறந்தது அவர் ஒருத்திதான். நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் போடிக்கு இறங்கி வருவார். காலை ஜீப்பில் வந்து இறங்கி, மத்தியான ஜீப்பைப் பிடிக்க இலை போட்டதும் போடாததுமாகப் பையைத் தூக்கிவிடுவார்.

வீட்டுக்காரருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு அவரால் மலைக்குப் போக முடியவில்லை. கட்டிலும் வாசலும்தான் அவருக்கு ஊர். வேறு எதற்கும் ஆசைப்படாத மனுசன். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டே இருப்பார். “அக்கா எம் பக்கத்துல உக்காந்து ஒரு நல்ல நாளாவது வயிறு நெறையச் சாப்பிடணும். அதுக்கு ஏதாச்சும் வழி பண்ணு.” வழி பண்ணுவது என் பொறுப்பு. மதினியோ கையைக் காட்டித் தட்டை மறைக்கிற ஆள்.

சாதாரண ஆளாக இருந்தால் பரவாயில்லை. மதினி கறி, மீன், முட்டை தொட மாட்டார். அதோடு விட்டாரா? பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது. மலைத்தேனைக்கூட “அது ஈ சேத்து வச்சது, நமக்கெதுக்கு” என்பார். காப்பி, டீ என்றால் பால் விடாத வெறும் கட்டன்தான்.

எங்கள் வீடுகளில் தீபாவளி என்றால் விடியக்காலையில் இட்லியும் கறிக்குழம்பும். பொங்கல் என்றால் பால். விருந்தாளி இலையில் பருப்பு வைத்தால் மேலே நெய் ஊற்றுவதுதான் மரியாதை. ஊற்றாவிட்டால் ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். இவருக்கு ஊற்றினால் சாப்பிட மாட்டார், ஊற்றாவிட்டால் பார்க்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகள் ஒரு நாள் போனில் சொன்னாள். “அம்மா, அத்தை மாதிரி ஆளுக இப்ப நெறைய இருக்காக. அதுக்கு வீகன்னு பேரு.”

“பேரு வச்சுட்டா கொழம்பு கொதிச்சிருமா? அதுல என்ன ஊத்துறதுன்னு சொல்லு” என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரி வாய் சும்மா இருக்காது. “உன் மதினிக்குச் சமைக்க ஒரு ஆளு, அவுக சாப்பிட மாட்டேங்கிறதைப் பாத்து அழ ஒரு ஆளு, ரெண்டு பேரு வேணும்டி உன் வீட்டுக்கு” என்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

கல்யாணமான புதுசில் நானே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எப்படித்தான் தைரியம் வந்ததோ. “பாலு சைவந்தானே மதினி? அதையும் ஏன் விட்டீக?”

மதினி அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “மலையில எங்கிட்ட ஒரு மாடு இருந்துச்சுத்தா. கன்னு சரிவுல உருண்டு செத்துப்போச்சு. கன்னு இல்லாம மாடு பாலை எறக்கல. எங்க வீட்டுக்காரவுக அது தோலை உரிச்சுக் கொண்டாந்து, வைக்கோலைத் திணிச்சுத் தச்சிருன்னாக. நாந்தான் கோணி ஊசியை வச்சுத் தச்சேன். மாட்டு முன்னாடி நிறுத்துனோம். அது நக்கி நக்கிப் பாலை விட்டுச்சு. நக்குன நக்குல தையல் பிரிஞ்சுபோச்சு. திருப்பியும் தச்சேன். திருப்பியும் நக்குச்சு.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். “அப்புறம் தொண்டைக்குள்ள எறங்கல. கறியும் அதோடயே போயிருச்சு. நீங்க சாப்பிடுங்க. நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே.”

யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார், அது நிசம். நாங்கள் கறி தின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். அவருக்கு முன்னால் தயிரைப் பிசைந்தாலும் பார்த்துக்கொண்டு சிரித்தபடி இருப்பார். அவர் தட்டில் மட்டும் வெறும் சோறும் ஊறுகாயும் இருக்கும். கேட்டால் “இருக்கட்டும்” என்பார்.

அந்த ‘இருக்கட்டும்’ இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. மதினிக்கென்று ஒரு மண்சட்டி, ஒரு சின்ன அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி எல்லாம் தனியாக வாங்கி, நெய்க்கை படாமல் பரணில் கவிழ்த்து வைத்தேன். ஒரு தீபாவளிக்கு நெய் இல்லாமல் கடலெண்ணெயில் ரவா லட்டு பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தது. கடைசியில் கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தேன். ஒரு ஆடிக்குத் தேங்காய்ப்பால் பாயசம் வைத்தேன். நன்றாகக் கொதிக்கட்டும் என்று விட்டதில் திரிந்து, திப்பி திப்பியாக மிதந்தது. முறுக்குக்கு வெண்ணெய் போடாமல் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தேன், அது ஒன்றுதான் உருப்படியாக வந்தது. நிலக்கடலையை ஊறப்போட்டு அரைத்துப் பாலெடுத்து, காய்ச்சி, மிளகாய்க் காம்பைப் போட்டு உறை ஊற்றினால் தயிராகும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். முதல் தடவை புளித்து நாறியது. இரண்டாம் தடவை உறைந்தது. ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு.

மதினி அதைப் பார்த்தார். “எதுக்குத்தா இவ்வளவு மெனக்கெட்ட? தனிச்சட்டி வேற. எனக்காகவா? இனிமே இப்பிடிச் செய்யாத.” இரண்டு வாய் சாப்பிட்டார். ருசியா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. “ஜீப்பு போயிரும்” என்று எழுந்துவிட்டார்.

கட்டிலில் இருந்து இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான்தான் அவர் அக்காவை விரட்டினது மாதிரி.

பிறகு ஒரு சேதி கேள்விப்பட்டேன். எதிர்வீட்டுக்காரிதான் வந்து சொன்னாள். மதினி காலையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வருவதில்லையாம். ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்து, பையில் கொண்டுவந்த பொரியையும் வெல்லத்தையும் தின்று தண்ணி குடித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். “நல்ல நாளும் அதுவுமா உன் வீட்டுக்கு வர்ற மனுசி ரோட்டோரத்துல பொரி திங்குது. ஏண்டி, நீ சோறு போட மாட்டியா?” என்றாள். அவமானம் தாங்கவில்லை. பசியோடு வந்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று வயிற்றை ரொப்பிக்கொண்டு வருகிற ஆளை என்ன செய்வது? திட்டவா முடியும்?

ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டில் தொடர்ந்து தங்கினார். தேனியில் கண்ணு ஆபரேசன் பண்ணியிருந்தார்கள், மலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கு ஒரே சந்தோசம். எனக்கும்தான். இப்போது எங்கே ஓடுவார் என்று நினைத்தேன்.

அது காய் சீசன். நான் ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பச்சை தனி, வெளுப்பு தனி, வெடிச்சது தனி என்று குனிந்த தலை நிமிராமல் பொறுக்கி, இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, கழுவினாலும் போகாத ஏலக்காய் வாசத்தோடு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெரசாக எதையாவது ஆக்க வேண்டும். பால் இல்லாமல் தினம் என்னத்தை ஆக்குவது என்று முதல் நாள் பயந்தேன். யோசித்துப் பார்த்தால் பயமே இல்லை. நாம் அன்றாடம் ஆக்குவதில் பாதிக்கு மேல் பால் எங்கே இருக்கிறது? தக்காளிக் குழம்பு, கொள்ளு ரசம், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, தட்டைப்பயறுச் சுண்டல், இட்லிக்கு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். சோலி அலுப்பில் ஒன்றும் முடியாத நாளில் தேங்காய்ச் சோறு, தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். தாளிக்க நெய்யை எடுக்காமல் இருந்தால் போதும். கடைசியில் மோரை விட்டுவிட்டால் போதும். பாலும் நெய்யும் நல்ல நாளைக்குத்தான் ஆட்டம் போடுகின்றன.

ஆனால் நடந்தது என்ன? நான் வேகவேகமாகக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு “மதினி, வாங்க” என்றால், “நான் அப்பவே சாப்பிட்டேன்த்தா” என்பார்.

“என்ன சாப்பிட்டீக?”

“இருந்துச்சு, சாப்பிட்டேன்.”

இருந்தது மத்தியானத்துப் பழைய சோறும் ஒரு வெங்காயமும். நான் களைத்து வருவேனாம், எனக்கு ஒரு ஆள் சோலி குறையட்டுமாம். இவர் கட்டிலில் இருந்து கத்துவார். “ஒருத்திக்குச் சோறு போட உனக்குத் துப்பில்லையா?” கண்ணில் பச்சைத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு மதினி எனக்காகப் பரிந்து பேசுவார். “தம்பி, அவளை ஒண்ணும் சொல்லாத. தங்கமான பிள்ளை.” அடுப்படிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருக்கும். தங்கமாம் தங்கம். தங்கம் ஆக்கின சோற்றைத் தின்றால் என்னவாம்?

அதற்குப் பிறகு வந்த பொங்கலுக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். தனிச்சட்டி வைத்தால்தானே எனக்காகவா என்று கேட்கிறார்? எல்லாருக்கும் ஒரே சட்டி. வீட்டில் ஒரு சொட்டுப் பால் வாங்கவில்லை. மகள் வந்திருந்தாள், அவளிடம் மட்டும் சொன்னேன். பொங்கப் பானையில் அரிசி களைந்த தண்ணியை மட்டும் ஊற்றினேன். அதுவே நுரைத்துப் பொங்கி வழியும், எங்கள் பக்கத்தில் தெரிந்த விசயம்தான். பேருக்கு ஒரு கரண்டி பால் விடுவார்கள், நான் அதையும் விடவில்லை. பொங்கியது. எதிர்வீட்டிலிருந்து “பால் பொங்குச்சா?” என்று குரல் வந்தது. “பொங்குச்சு, பொங்குச்சு” என்று நானும் குரல் கொடுத்தேன். சர்க்கரைப் பொங்கலில் கெட்டித் தேங்காய்ப்பால், இறக்கி வைத்த பிறகுதான் ஊற்றினேன். முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்தேன். சாம்பார், பரங்கிக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, வடை. மோருக்குக் கடலைப்பால் மோர்.

மதினி சட்டிகளைப் பார்த்தார். எல்லாம் பெரிய சட்டி. தனியாக ஒன்றும் இல்லை. அவருக்கு நிம்மதி. இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். மறுபடியும் கூட்டு வைத்தேன், கையைக் காட்டி மறைக்கவில்லை. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு பக்கம் கோணிப்போன வாயில் சிரிப்பு நிற்கவில்லை.

கடைசியில் மோரை ஊற்றினேன். இவர் ஒரு வாய் குடித்தார். “என்ன மோரு இது, ஒரு மாதிரி இருக்கு?”

மகள் பெருமையில் வாயை விட்டாள். “அப்பா, இன்னிக்கு வீட்டுல சொட்டுப் பாலு கெடையாது. எல்லாமே அத்தைக்காக.”

மதினியின் கை தட்டில் அப்படியே நின்றது.

“எனக்காகவா? என் ஒருத்திக்காக எல்லாரும் நாக்கைக் கட்டிக்கிட்டீகளா? நோயாளி மனுசன், அவனுக்கு ஒரு வாய் மோரு இல்லையா?” குரல் உயரவில்லை. அதுதான் அவர் வழக்கம். கையைக் கழுவினார். இவர் “அக்கா, அக்கா” என்று கூப்பிடக் கூப்பிட ஜீப்புக்குப் போய்விட்டார்.

தனியாக ஆக்கினால் எனக்குச் சிரமமாம். சேர்த்து ஆக்கினால் மற்றவர்களுக்குச் சிரமமாம். இந்த மனுசிக்கு எப்படித்தான் சோறு போடுவது?

அடுத்த தீபாவளிக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று ஜீப்புக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டிருந்தார். “உடம்புக்கு என்னண்ணே?” என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்காகம்மா. முந்தாநாள் சுள்ளி பெறக்கிக்கிட்டு இருந்தாக” என்றார் அவர். இவர் அன்றைக்கு இட்லியைத் தொடவில்லை. தெருவைப் பார்த்தபடியே இருந்தார். சாயங்காலம் என்னிடம் கேட்டார். “நீ அக்காகிட்ட என்னத்தைச் சொன்ன?”

நான் என்ன சொன்னேன்? இத்தனை வருசத்தில் மதினியிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா?

தை பிறக்கப் போகிற சமயம் குடோனுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். தனியாக மலை ஏறினதே கிடையாது. குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி, ஆள் ஆளாக விசாரித்து, மூச்சு வாங்க வாங்க லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மதினி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார வைத்தார். “இந்தா வர்றேன்” என்று வெளியே போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். கீழே டீக்கடை வரைக்கும் போயிருக்கிறார். திரும்பி வரும்போது கையில் தூக்குவாளி. அதில் பால்.

“நீ பால்காப்பி இல்லாம இருக்க மாட்டியேத்தா.”

ஆணியில் மாட்டியிருந்த ஒரு குட்டிச் சட்டியை எடுத்தார். “இது வர்றவுகளுக்குப் பாலு காச்சத் தனியா வச்சிருக்கேன். நான் இதைத் தொடுறதில்லை.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“எதுக்கு மதினி இவ்வளவு மெனக்கெட்டீக? எனக்காகவா?” என்றேன்.

“பின்ன? இதுல என்ன மெனக்கெடு?”

“அதான் நானும் கேக்குறேன். எனக்குப் பாலு வாங்க நீங்க மலையில எறங்கி ஏறலாம். எனக்குத் தனியாச் சட்டி வைக்கலாம். அப்ப நான் வச்சா மட்டும் ஏன் குத்தம்? உங்களுக்கு ஒருத்தி செஞ்சு போட்டா உங்க கவுரதை கொறைஞ்சு போயிருமா? ரோட்டோரத்துல பொரியைத் தின்னுட்டு வர்றீக, ஊர் என்னையத்தான் காறித் துப்புது. உங்க தம்பி தெருவையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு. உங்களுக்கு ஒண்ணும் வேணாம், சரி. எங்களுக்கு வேணும் மதினி. நீங்க வந்து உக்காந்து திங்கிறதை நாங்க பாக்கணும். அதைக் குடுக்க மாட்டேங்கிறீகளே!”

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மதினி அதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சட்டியை இறக்கினார். காப்பியைக் கலந்து என் கையில் கொடுத்தார். அவரும் ஒரு டம்ளர் கட்டனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“கீழ மொச்சை வந்திருச்சா?” என்று கேட்டார்.

“வந்திருச்சு. சிலமலையில இருந்து மூடை மூடையா வருது.”

“பிதுக்கிக் கொழம்பு வைக்கணும்” என்றார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோலோட வச்சா எனக்குப் பிடிக்காது.”

பிதுக்கு மொச்சை எவ்வளவு சோலி என்று வைத்தவர்களுக்குத் தெரியும். உரித்து, ஊறவைத்து, ஒவ்வொரு பயறாக விரலில் வைத்துப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். வாயைத் திறக்காத மனுசி ஒரு தடவை திறந்தார், திறந்து கேட்டது இதை. மலை இறங்கும்போது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பொங்கலன்று இரண்டு விதமாகவும் ஆக்கினேன். இவருக்கு நெய், தயிர், பால் எல்லாம் அவர் சட்டியில். மதினிக்குப் பரணில் இருந்த மண்சட்டி. முந்தின நாளே பிதுக்க உட்கார்ந்து நகக்கண்ணெல்லாம் எரிந்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “பொங்கலுக்கு மாப்ளையாடி வர்றாரு?” என்றாள். “அதுக்கும் மேல” என்றேன்.

மதினி வந்தார். பொரி தின்னாமல் வந்தார், வந்ததும் பசிக்குது என்றார். இவர் பக்கத்தில் இலை போட்டேன். மண்சட்டியைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, சோற்றில் குழம்பை ஊற்றினேன். மதினி பிசைந்து ஒரு வாய் வைத்தார். நானும் இவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொரு வாய் வைத்தார். தலை நிமிர்ந்தார்.

“உப்புப் பத்தலத்தா.”

இவர் வாயில் இருந்த சோறு சிதறச் சிரித்தார். நான் ஓடிப்போய் உப்புச் சாடியைக் கொண்டுவந்தேன்.

“இன்னும் என்னென்ன பத்தலை மதினி? சொல்லுங்க.”

“பொறு. தின்னுட்டுச் சொல்றேன்” என்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.